தென்முனை நாடு – 17: பட்டம் ஒருவரிடம், நாடு ஒருவரிடம்

சென்ற இதழில் ஆற்றுச் சீட்டுகளைப் பார்த்தோம். மிளகும், காசுக்கட்டி எடுக்கும் கம்பீர்ச் செடியும் பயிரிட வந்த சீனர்களுக்கு, இன்ன ஆற்றங்கரையில் காடு திருத்திக்கொள்ளலாம் என்று 1844 முதல் ஜோகூரில் கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டுகள் அவை. மலாயில் சூராட் சுங்காய். சீட்டு வாங்கியவர் கங்சு ஆனார். அவருக்குக் கீழே ஒரு குடியிருப்பு எழுந்தது.

வாங்கியவரைப் பற்றிப் பேசியாயிற்று. கொடுத்தவர் யார்?

அரச முத்திரை இட்டுக் காட்டையும் ஆற்றையும் பங்கிட்டுக் கொடுத்தவர் சுல்தான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொடுத்தவர் தெமெங்கோங். அதாவது, பழைய மலாக்கா அரசவையின் காவல் தலைவர் பதவிக்கு உரிய பட்டம் தாங்கியவர். ஜோகூருக்குச் சுல்தான் பட்டத்தின் வாரிசும் அப்போது இருந்தார். அவரிடம் பட்டத்தின் பெருமை இருந்தது; காடும் ஆறும் வரியும் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்தத் தெமெங்கோங்கின் மகனே சுல்தான் ஆனார். வாளெடுக்காமல், ஒரு பட்டத்திலிருந்து அடுத்த பட்டத்துக்குப் படியேறி இது நடந்தது. மலாய் உலகில் பட்டம் என்பது எவ்வளவு கனமான பொருள் என்பதை இந்த ஏற்றத்தைப் போலக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

மலாக்காவிலிருந்து வந்த ஏணி

ஜோகூர் அரசு மலாக்காவின் வாரிசு. 1511-இல் போர்த்துக்கீசியரிடம் மலாக்காவை இழந்த சுல்தான் மஹ்மூத் ஷாவின் மகன் நிறுவிய அரசு இது. கோட்டை போயிற்று, அரசவை ஒழுங்கு போகவில்லை. பெரும்பதவிகள் நான்கும் அப்படியே ஜோகூருக்கு வந்தன. பெண்டஹாரா முதலமைச்சர். பெங்ஹுலு பெண்டஹாரி கருவூலத்துக்கு அதிகாரி. தெமெங்கோங் காவலுக்கும் ஒழுங்குக்கும் பொறுப்பு. லக்சமணா கடற்படைக்குத் தலைவர். பண்டாரம், லட்சுமணன் என்று நம் காதுக்கு எட்டும் ஒலிகள் இவற்றில் இருப்பது தற்செயல் இல்லை. இஸ்லாம் வருவதற்கு முன்பே வடமொழிச் சொற்கள் மலாய் அரசவைகளில் வேரூன்றியிருந்தன.

யார் எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்பதற்கும் மலாக்காவில் சட்டம் இருந்தது. மலாக்காச் சட்டத் தொகுப்பு ஐந்து சொற்களை அரசருக்கென்றே ஒதுக்கியது: தீத்தா (அரச ஆணை), பாத்திக் (அரசர்முன் குடிமகன் தன்னைக் குறிக்கும் சொல்), மூர்க்கா (அரச கோபம்), குர்னியா, அனுகெரா (அரசர் அளிக்கும் கொடை). சாதாரண மக்கள் தமக்குள் இவற்றைப் புழங்கினால் தண்டனை உண்டு. மஞ்சள் நிறத்துக்கும் இதே காவல். அரச குடும்பத்தார் அல்லாதவர் மஞ்சள் உடுத்தக் கூடாது.

மலாய் வரலாற்று இலக்கியத்தின் தலைநூலான 'சுலாலாத்துஸ் சலாத்தின்', அதாவது 'செஜாரா மெலாயு', 1612-இல் ஜோகூரில்தான் உருப்பெற்றது. தொகுத்தவர் ஜோகூரின் பெண்டஹாரா. முன்னுரையில் அவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறை கவனிக்கத்தக்கது. பெற்றோர் இட்ட பெயர் துன் முகம்மது. செல்லப்பெயர் துன் ஸ்ரீ லனாங். பட்டப்பெயர் படுக்கா ராஜா. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள். மூன்றுக்கும் வெவ்வேறு இடம். பிறகு தந்தை, பாட்டன், பூட்டன் என்று வரிசையாகச் சொல்லும்போது பட்டப்பெயர்களையே அடுக்குகிறார். பிரபுவின் வம்சாவளி என்றால் அது பட்டங்களின் வம்சாவளி.

அந்தப் பெண்டஹாரா குடும்பத்தில் தமிழ்நிலத்தின் சாயலும் உண்டு. கலிங்க நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த மணி புரிந்தான் என்பவரை அந்த நூல் சொல்கிறது. 'கெலிங்' என்று மலாய்க்காரர்கள் அழைத்தது பெரும்பாலும் தென்னிந்தியக் கரையைத்தான். அவர் வழியில் வந்த துன் முத்தஹிர், ஸ்ரீ மகாராஜா என்ற பட்டத்தோடு மலாக்காவின் பெண்டஹாரா ஆனார். தமிழ் முஸ்லிம் வழியினர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் இவர், போர்த்துக்கீசியர் வருவதற்குச் சற்று முன்பு சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டார். துறைமுகத் தலைவராக இருந்த தென்னிந்திய வணிகர் ஒருவரை அந்த நூல் 'ராஜா முதலியார்' என்றே எழுதுகிறது. நம் ஊர்ப் பட்டம் கடல் தாண்டி மலாய்ப் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

துஞ்சிய இடத்தால் பெயர்

உயிரோடு இருக்கும்போது ஒரு பட்டம். இறந்த பிறகு இன்னொன்று. மலாய் அரசர்களுக்கு இறப்புக்குப் பின் 'மர்ஹூம்' என்று தொடங்கும் பெயர் வழங்கும். பெரும்பாலும் இறந்த இடமோ இறந்த விதமோ அதில் இருக்கும். சுமாத்திராவின் கம்பாரில் 1528-இல் இறந்த மலாக்கா சுல்தான் மஹ்மூத் ஷா, மர்ஹூம் கம்பார்.

தமிழ் வாசகருக்கு இது புதிது இல்லை. புறநானூற்றில் பாடப்பெற்ற கிள்ளிவளவன் குளமுற்றத்துத் துஞ்சியவன். நன்மாறன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சியவன். சோழர் கல்வெட்டுகளில் சுந்தர சோழர் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். தக்கோலப் போரில் மாண்ட இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சினவன்.

ஜோகூரில் இப்படி ஒரு பெயர் வரலாற்றையே திருப்பியது. 1699-இல் கோத்தா திங்கியில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஷா, பள்ளிவாசலுக்குத் தோளில் சுமந்து செல்லப்பட்டபோது குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் மெகாட் ஸ்ரீ ராமா என்ற படைத்தலைவர். அவருடைய கர்ப்பிணி மனைவி அரண்மனைப் பலாப்பழத்தின் ஒரு சுளையைத் தின்றதற்காக, சுல்தான் அவள் வயிற்றைக் கிழிக்க ஆணையிட்டார் என்பது வழிவழிக் கதை. கொல்லப்பட்ட சுல்தானுக்கு 'மர்ஹூம் மங்காட் டிஜூலாங்' என்று பெயர் நிலைத்தது: தோள்மேல் துஞ்சிய அரசர். அவர் அடக்கமான இடத்தின் ஊர் இன்று கம்போங் மக்காம்.

அவருக்கு வாரிசு இல்லை. மலாக்காவின் நேர் வழி அத்தோடு அறுந்தது. அரியணை ஏறியவர் பெண்டஹாரா அப்துல் ஜலீல். அமைச்சர் அரசரானார் என்பது எளிய செய்தியாகத் தோன்றலாம். மலாய் நம்பிக்கைப்படி அரச வழிக்கு 'டௌலாட்' என்றொரு தெய்வீக ஆற்றல் உண்டு. அது குருதி வழியே இறங்குவது. புதிய சுல்தானிடம் பட்டம் இருந்தது, டௌலாட் இருக்கிறதா என்ற ஐயம் நீங்கவில்லை. 1718-இல் சியாக்கிலிருந்து வந்த ராஜா கெச்சில், கொல்லப்பட்ட மஹ்மூதின் மகன் நானே என்று சொல்லிக்கொண்டு நாட்டைப் பிடித்தபோது, அந்த ஐயமே அவருக்குப் படையாக நின்றது. 1722-இல் சுலவேசியிலிருந்து வந்த பூகிஸ் வீரர்கள் அவரைத் துரத்தி, அப்துல் ஜலீலின் மகன் சுலைமானைச் சுல்தான் ஆக்கினார்கள். கூலியாகத் தங்களுக்கென ஒரு பட்டத்தைப் பெற்றுக்கொண்டார்கள்: யாங் டிபெர்த்துவான் மூடா, இளைய ஆட்சியாளர். 'மூடா' என்றால் இளையவர். அதிகாரம் பெரும்பாலும் அந்த இளையவரிடமே இருந்தது.

ராஃபிள்ஸின் காகிதம்

பட்டமும் நாடும் தனித்தனியாகப் பிரியும் கதை இங்கிருந்து வேகமெடுக்கிறது. மூன்றாம் மஹ்மூத் ஷா வாரிசை உறுதி செய்யாமல் இறந்தபோது மகன்கள் இருவர். மூத்தவர் துங்கு லோங் எனப்பட்ட ஹுசேன். இளையவர் அப்துல் ரஹ்மான். பூகிஸ் தரப்பு இளையவரை ஆதரித்தது. ஆனால் முடிசூட்டுச் சின்னங்கள் பெனியாங்காட் தீவில் இருந்த அரசி எங்கு புத்திரி ஹமிடாவின் கையில். அவர் கொடுக்கவில்லை. சின்னங்கள் இல்லாமல் மலாய் மரபில் சுல்தான் இல்லை. 1822-இல் டச்சுக்காரர்கள் அவற்றை வலுக்கட்டாயமாகப் பறித்துத்தான் அப்துல் ரஹ்மானுக்கு முடிசூட்ட வேண்டியிருந்தது.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் அதுவரை காத்திருக்கவில்லை. 1819 ஜனவரி 30-இல் சிங்கப்பூரில் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானோடு (இளவரசர் அப்துல் ரஹ்மான் வேறு) முதல் உடன்பாடு செய்தார். தெமெங்கோங்கின் கையொப்பம் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரியும். துங்கு லோங்கை வரவழைத்து, பிப்ரவரி 6-இல் 'ஜோகூர் சுல்தான் ஹுசேன் முகம்மது ஷா' என்று அறிவித்தார். முடியும் இல்லை, முரசும் இல்லை; ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்ட பட்டம். சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000. கம்பெனியின் கணக்கில் இரு பட்டங்களுக்கும் இடையிலான தூரம் 2,000 வெள்ளி.

1824 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஜான் கிராஃபர்ட் செய்த ஒப்பந்தத்தோடு சிங்கப்பூர் முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. ஹுசேன் 1835-இல் மலாக்காவில் இறந்தார். அவர் மகன் அலியைச் சுல்தான் என்று ஏற்கப் பிரித்தானியர் அவசரப்படவில்லை. மறுபுறம் தெமெங்கோங்கின் மகன் டாயிங் இப்ராஹிம், சிங்கப்பூர்த் தெலுக் பிளாங்காவில் இருந்தபடி ஜோகூர்க் காடுகளின் குட்டாபெர்ச்சா பாலையும், பிறகு சீனர்களின் மிளகையும் பணமாக்கினார். ஆற்றுச் சீட்டுகள் அவர் கொடுத்தவை.

1855 மார்ச் 10. இருவருக்கும் இடையே ஒப்பந்தம். அலிக்குச் சுல்தான் என்ற பட்டம் உறுதியாயிற்று. கெசாங் ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலமும், 5,000 வெள்ளியும், மாதம் 500 வெள்ளியும் கிடைத்தன. அவற்றுக்கு ஈடாக எஞ்சிய ஜோகூர் முழுவதையும் டாயிங் இப்ராஹிமுக்கு எழுதிக் கொடுத்தார். பட்டத்துக்கு ஒரு விலை, நாட்டுக்கு ஒரு விலை என்று தனித்தனியே தீர்ந்தது.

பட்டத்தை வைத்துக்கொண்டவரின் பின்கதையில் ஒரு தமிழ்ப் பெயர் வருகிறது. 1860-இல் சுல்தான் அலி ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர் ஒரு செட்டியார். ஆங்கிலப் பதிவுகளில் காவன்னா சானா செல்லப்பா. முன்னால் உள்ள எழுத்துகள் நகரத்தார் வழக்கப்படி கடை விலாசம். மாதப் பணத்திலிருந்து கட்டுவதாகப் பேச்சு, கட்ட முடியவில்லை. செல்லப்பா 1866-இல் பிரித்தானிய அரசுக்கு எழுதினார். கடைசியில், குறித்த நாளுக்குள் கடன் அடையாவிட்டால் மூவார் நிலத்தைத் தெமெங்கோங்கிடமே விற்றுக்கொள்ளலாம் என்று அலி எழுதிக்கொடுக்க நேர்ந்தது. செட்டியாரின் பேரேட்டில் சுல்தான் என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு கிடையாது. வாங்கியவர் யாராயினும் வரவு செலவு ஒன்றுதான்.

அபூபக்கர் ஏறிய படிகள்

1862-இல் டாயிங் இப்ராஹிம் இறந்து, மகன் அபூபக்கர் தெமெங்கோங் ஆனார். 1833-இல் தெலுக் பிளாங்காவில் பிறந்து, பாதிரியார் பெஞ்சமின் கீஸ்பெரியிடம் படித்தவர். ஆங்கிலேயரின் பேச்சும் பழக்கமும் அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, அவர்கள் எந்தப் பெயருக்கு எவ்வளவு மரியாதை தருவார்கள் என்பது தெரியும்.

1866-இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியைச் சந்தித்தார். இந்திய நட்சத்திர விருதோடு 'சர்' ஆகத் திரும்பினார். அதே ஆண்டு தஞ்சோங் புத்திரி என்ற ஊர் ஜோகூர் பாரு என்று பெயர் மாறியது. ஐரோப்பாவில் ஓர் இக்கட்டு அவருக்கு விளங்கியிருந்தது. தெமெங்கோங் என்றால் அங்கே ஒருவருக்கும் புரியாது. சுல்தான் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை; அந்தப் பட்டம் அலியிடம் இருந்தது.

அதனால் நடுவில் ஒரு படி தேடினார். ரியாவ் அரசவைக்கு ஆளனுப்பி, மரபறிந்தவர்களிடம் வம்சாவளியும் முன்னுதாரணமும் கேட்டார். பெண்டஹாராவாக இருந்து சுல்தானான அப்துல் ஜலீலின் வழியினர் தாங்கள் என்பது தெமெங்கோங் குடும்பத்தின் வாதம். 1868-இல் அபூபக்கர் ஜோகூரின் மகாராஜா ஆனார். பிரித்தானியர் தடை சொல்லவில்லை. இந்தியாவில் மகாராஜாக்களோடு பழகியவர்களுக்கு அந்தச் சொல் எளிதாகப் பிடிபட்டது. மலாய்க் காதுக்கு அது பழைய பெரும் பிரபுக்களின் பட்டம். லண்டன் காதுக்கு அரசரின் பட்டம். இரண்டு பக்கமும் தலையாட்டக்கூடிய ஒரு பெயரைத் தேர்ந்ததில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது.

1877-இல் அலி இறந்தார். மூவார் அபூபக்கரின் பொறுப்புக்கு வந்தது. அலியின் மகன் துங்கு ஆலம் தரப்பு 1879-இல் ஜெமெந்தாவில் எழுப்பிய கிளர்ச்சி அடங்கியது. இனிச் சுல்தான் பட்டத்துக்கு வலுவான எதிர்க்கை இல்லை.

1885 டிசம்பர் 11-இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் அவரைச் சுல்தான் என்று ஏற்றது. பட்டத்தின் சொற்கள் அளந்து வைக்கப்பட்டவை: 'ஜோகூர் அரசுக்கும் ஆட்சிப்பகுதிக்கும் சுல்தான்'. பழைய ஜோகூர்ப் பேரரசு ரியாவ், லிங்கா தீவுகள்வரை பரந்தது. அந்தப் பழைய உரிமைகளை இந்தப் பட்டம் தொடவில்லை. பதிலுக்கு அயலுறவைப் பிரித்தானியர் வழியே நடத்த அபூபக்கர் ஒப்பினார். அடுத்த ஆண்டு முடிசூட்டு விழா. மற்ற மலாய் நாடுகளில் அரசர் தலையில் தெங்கோலோக் என்னும் துணித் தலைப்பாகை இருக்கும். ஜோகூரில் மட்டும் ஐரோப்பிய வகை மகுடம். 2015 மார்ச் 23-இல் சுல்தான் இப்ராஹிம் இஸ்கந்தர் முடிசூடியபோதும் மகுடம்தான்.

லண்டன் வழக்கு

இந்தப் பட்டத்துக்குச் சோதனை வந்த இடம் ஒரு நீதிமன்றம். ஜென்னி மைகெல் என்ற ஆங்கிலப் பெண் லண்டனில் வழக்குத் தொடுத்தார். 'ஆல்பர்ட் பேக்கர்' என்ற பெயரில் பழகிய ஒருவர் தம்மை மணப்பதாக வாக்களித்து ஏமாற்றினார், அவர் ஜோகூர் சுல்தானே என்பது குற்றச்சாட்டு. ஒரு நாட்டின் இறையாண்மை கொண்ட அரசர் மீது பிற நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. ஆகவே கேள்வி வாக்குறுதியைப் பற்றியதாக இல்லாமல் போயிற்று. அபூபக்கர் உண்மையில் அரசர்தானா? 1885 ஒப்பந்தத்தில் அயலுறவை விட்டுக்கொடுத்தவர் எப்படி முழு அரசர் ஆவார்? சாதாரணக் குடிமகன் பெயரில் உலவியவர் அரசர் சலுகையைக் கேட்கலாமா?

காலனி அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தது: ஜோகூர் சுதந்திர நாடு, அபூபக்கர் அதன் இறையாண்மை கொண்ட அரசர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே முடிவான சான்றாக ஏற்றது. வேற்றுப் பெயரில் வாழ்ந்ததால் அரசர் தம் உரிமையை இழந்துவிடவில்லை என்றும் சொன்னது. 1894-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கும் 'மைகெல் எதிர் ஜோகூர் சுல்தான்' வழக்கு, இறையாண்மைப் பாதுகாப்பு பற்றிய பாடத்தில் இன்றும் சட்ட மாணவர்கள் படிப்பது. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. நீதிமன்றம் அதை விசாரிக்கவே இல்லை. 1868-இல் தெமெங்கோங்காகவே நின்றிருந்தால் அபூபக்கருக்கு இந்தக் கடிதம் கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர் 1895 ஜூன் 4-ஆம் தேதி லண்டனிலேயே இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரல் 14-இல், ஜோகூருக்கு எழுத்து வடிவில் அரசியலமைப்பு ஒன்றை அளித்திருந்தார். மலாய் நாடுகளில் அதுவே முதலாவது. சுல்தான் நாட்டைப் பிற வல்லரசுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அது விதித்தது. 1855-இல் அலி செய்ததைப் போலப் பட்டத்தை வைத்துக்கொண்டு நாட்டை எழுதிக்கொடுக்க இனி வழி இருக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

பதவி பட்டமானது

படியேறியவர்கள் கீழ்ப்படிகளை எறிந்துவிடவில்லை. தெமெங்கோங், பெண்டஹாரா, லக்சமணா ஆகிய பழைய பதவிகள் இன்று ஜோகூர் இளவரசர்களின் பட்டங்கள். இளவரசர் துங்கு இட்ரிஸ், துங்கு தெமெங்கோங் ஜோகூர். 2015 டிசம்பரில் 25 வயதில் காலமான துங்கு அப்துல் ஜலீல், துங்கு லக்சமணா. காவலோ கப்பலோ இந்தப் பட்டங்களின் பொறுப்பில் இப்போது இல்லை. பட்டத்து இளவரசர் துங்கு மக்கோத்தா. அவரை 'டி.எம்.ஜே.' என்று மூன்றெழுத்தில் சொல்லாத கால்பந்து ரசிகர் மலேசியாவில் இல்லை. சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31-இல் மலேசிய மாமன்னரானதும், துங்கு மக்கோத்தா இஸ்மாயில் ஜோகூரின் அரசப் பிரதிநிதி ஆனார்.

பிறப்பால் வரும் முன்னொட்டுகளிலும் பழைய கதை ஒட்டியிருக்கிறது. சுல்தானின் பிள்ளைகள் துங்கு. தெமெங்கோங் குடும்பத்தின் மற்றக் கிளைகள் உங்கு. மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1968 முதல் 1988 வரை இருந்த பொருளியலறிஞர் உங்கு அப்துல் அஜீஸ் அந்தக் கிளையினர். 'அரசப் பேராசிரியர்' என்ற பட்டத்தை மலேசியாவில் முதலில் பெற்றவரும் அவரே.

அரசர்முன் பேசும் மொழி இன்றும் தனி மொழி. சாதாரண மனிதர் மாக்கான் என்று சாப்பிட, அரசர் சந்தாப். மற்றவர் தூங்க, அரசர் பெராடு. குளிப்பது பெர்சிராம், புறப்படுவது பெராங்காட், இறப்பது மங்காட். பெருமாள் கோயில் வழக்கத்தை அறிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். சுவாமி சாப்பிடுவதில்லை, அமுது செய்கிறார், குளிப்பதில்லை, திருமஞ்சனம் கண்டருளுகிறார், போவதில்லை, எழுந்தருளுகிறார். குடிமகன் தன்னைப் பாத்திக் என்பது நம் அடியேன். அரசரை விளிக்கும் 'டூலி' வடமொழித் தூளி, பாதத் தூசு. அரசரின் முகத்தை நோக்கிப் பேசத் துணியாத நாக்கு, அவர் காலடித் தூசியோடு பேசுகிறது. மலேசியத் தமிழ் ஏடுகள் இதையெல்லாம் சுருக்கி, மாமன்னருக்கு 'மாட்சிமை தங்கிய' என்றும் மாநில சுல்தானுக்கு 'மேன்மை தங்கிய' என்றும் ஒரு மரபு வகுத்துக்கொண்டன.

துரையும் டத்தோவும்

1886 ஜூலை 31-இல் அபூபக்கர் ஜோகூர் மகுட விருதை நிறுவினார். அதன் உயர் வகுப்புகளைப் பெற்றவர் டத்தோ. அவர் மனைவி டத்தின். பெண் ஒருவர் தம் பெயரில் விருது பெற்றால் கணவருக்கு ஒன்றும் ஒட்டாது. டத்தோ என்றால் வழக்கில் தாத்தா, ஊர்ப் பெரியவர். அபூபக்கரின் அரசில் அது பெரும் அதிகாரிகளின் அடைமொழி. ஜோகூரின் முதல் மந்திரி பெசார் டத்தோ ஜாஃபார். மூவாரையும் பத்து பகாட்டையும் உருவாக்கியவர் டத்தோ பெந்தாரா லுவார் முகம்மது சாலே பெராங். வேலைக்கு மரியாதையாக வந்த சொல், நாளடைவில் விருதாகத் தனித்து நின்றது.

ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களுக்கு அந்த ஏணி வெகு தூரம். குளுவாங்கிலும் லாபிஸிலும் சிகாமட்டிலும் அவர்கள் அறிந்த ஏணி வேறு: கங்காணி, தண்டல், மண்டோர், கிராணி, சின்ன துரை, பெரிய துரை. அரசர்முன் காட்டும் பணிவுக்குக் குறையாத பணிவை அங்கே துரைமுன் காட்ட வேண்டியிருந்தது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மரியாதை கொடுப்பதற்கும் மரியாதை பிடுங்கப்படுவதற்கும் உள்ள வேற்றுமை அந்தத் தொழிலாளருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

தோட்டத்து ஏணி உடைந்த பின்தான் தமிழர் அரசவை ஏணியில் கால் வைத்தார்கள். அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 'துன்' ஆனார். மலாக்கா பெண்டஹாராக்களின் பெயரில் முன்னால் நின்ற அதே துன், இப்போது கூட்டரசின் மிக உயர்ந்த விருதுகளோடு வருவது. 1936-இல் ஜோகூரின் குளுவாங்கில் பிறந்த சாமிவேலுவும் துன் ஆனார். என்றாலும் பல ஆண்டு டத்தோஸ்ரீயாகவே பழகிய பெயர் ஆதலால், முதியவர்கள் வாயில் அவர் கடைசிவரை டத்தோஸ்ரீ சாமிவேலுதான்.

தாயகம் இதற்கு நேர்மாறான வழியில் போனது. இராவ் பகதூர், திவான் பகதூர் என்று வெள்ளைக்காரர் வாரி வழங்கிய நாட்டில், 1950-இல் வந்த இந்திய அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு பட்டங்களையே ஒழித்தது. பத்ம விருதுகளைப் பெயரோடு சேர்த்து எழுதக் கூடாது. மலேசியாவில் பெயரோடு சேர்த்து எழுதாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அந்த மதிப்பே போலிகளுக்கும் சந்தை உண்டாக்கியது. அங்கீகாரம் இல்லாத பட்டங்களைக் கொடுப்பதையும் பயன்படுத்துவதையும் குற்றமாக்க 2017-இல் தனிச் சட்டம் வந்தது. பட்டத்துக்கு இன்று ஒரு பிடி நிலம்கூடக் கிடைக்காது. ஆனாலும் அதைக் காக்கச் சட்டம் தேவைப்படுகிறது. அபூபக்கருக்கு இது வியப்பாக இருந்திருக்காது. பட்டத்தைப் பிறர் ஏற்றால்தான் அது பட்டம் என்பதை ரியாவிலும் லண்டனிலும் அவர் கற்றிருந்தார்.

அவர் மகன் சுல்தான் இப்ராஹிமுக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. 1874 முதல் பேராக் தொடங்கிப் பிற மலாய் நாடுகளில் பிரித்தானியர், சுல்தானிடம் பட்டத்தை விட்டுவிட்டு ஆட்சியை 'ரெசிடென்ட்' கையில் கொடுத்திருந்தார்கள். 1910-இல் அது ஜோகூரின் வாசலுக்கும் வந்தது. வந்த பிரித்தானிய அதிகாரி டக்ளஸ் கேம்பலுக்கு என்ன பதவிப் பெயர் கொடுப்பது என்பதே முதல் தகராறு. 1914-இல் ஜோகூர் ஏற்றது ரெசிடென்ட்டை இல்லை, 'பொது ஆலோசகர்' ஒருவரை. பெயரை மாற்றிய ஜோகூர், அவர் அதிகாரத்தையும் குறைக்க முடிந்ததா? அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)